நெக்ரில் மணலில் ஒரு கயிறு: ரிசார்ட் வந்தபின் கடற்கரை வியாபாரிக்கு என்ன ஆகிறது?

ஜமைக்காவில் கடற்கரைக்குப் போக உரிமை கேட்டுப் பொதுமக்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். செய்தியைப் படித்ததும் குழப்பம்தான் வரும். நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவில் கால் நனைக்க எதற்கு நீதிமன்றம்? குழப்பத்தைக் கூட்ட இன்னொரு செய்தியும் உண்டு. கப்பலில் வந்துபோகிறவர்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தீவுக்கு வருகிறார்கள். தீவின் மக்கள்தொகையே சுமார் 28 லட்சம்தான். இத்தனை கூட்டம் வந்தும், அங்கே நெக்ரில் என்ற கடற்கரை ஊரில் மணிமாலை விற்பவர் வியாபாரம் படுத்துவிட்டது என்கிறார்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்று பார்க்க, அந்தக் கரையில் நிற்கும் இரண்டு வேலிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சட்டம் போட்டது. இன்னொன்று விலை போட்டது. செய்திகளில் அதிகம் அடிபடுவது முதல் வேலி. வியாபாரியின் வயிற்றில் அடிப்பது பெரும்பாலும் இரண்டாவது.

சட்டம் போட்ட வேலி

முதலில் மூன்று சொற்கள்.

1. உயர் அலைக்கோடு: ஓதம் ஏறும்போது கடல்நீர் வந்து தொடும் எல்லை.

2. ஈரமணல்: ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரியும் பட்டை. சட்டம் இதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறது. நாம் ஈரமணல் என்றே சொல்வோம்.

3. உலர்மணல்: உயர் அலைக்கோட்டுக்கு மேலே, நிலத்தை ஒட்டிய மணல். துண்டு விரித்துப் படுப்பதும், குடை நடுவதும், கடை போடுவதும் இங்கேதான்.

ஜமைக்காவின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1956ல் வந்தது. தீவு விடுதலை பெற்றது 1962ல். ஆகவே இது காலனி ஆட்சி எழுதிய சட்டம். ஈரமணலும் கடலடி நிலமும் முடியரசுக்குச் சொந்தம் என்று அது சொல்கிறது. முடியரசு என்றால் நடைமுறையில் அரசாங்கம். இதைப் படித்ததும், அரசுக்குச் சொந்தம் என்றால் எல்லாருக்கும் சொந்தம்தானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கரையில் குளிக்கவோ நடக்கவோ பொதுமக்களுக்கு இயல்பாகவே உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தன் குடும்பத்தோடு குளிக்கலாம், மீன் பிடிக்கலாம். வணிக நோக்கில் கரையைப் பயன்படுத்த வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். ஹோட்டல்கள் வாங்குவது அந்த உரிமத்தைத்தான்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரீபியன் கடலில் ஓதம் மிகச் சிறியது. ஜமைக்காவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை மீட்டர்கூட வராது. அதனால் ஈரமணல் பட்டை பல இடங்களில் சில அடி அகலம்தான். ஆக, முடியரசுக்குச் சொந்தமான பகுதி ஒரு நாடா. அதற்கு மேலே உள்ள உலர்மணல் பக்கத்து நிலத்தோடு சேர்ந்து கைமாறும். சாலையிலிருந்து அந்த நாடாவுக்கு வர ஒரு சந்து வேண்டும். அந்தச் சந்து பெரும்பாலும் யாரோ ஒருவரின் பட்டா நிலத்துக்குள் ஓடுகிறது. நிலம் விற்றுப்போனால் சந்தும் போயிற்று. ஊர் கடற்கரையை இழப்பது அநேகமாக இப்படித்தான்; மணலை யாரும் அள்ளிக்கொண்டு போவதில்லை, வாசலில் ஒரு கேட் வருகிறது, அவ்வளவே.

நெக்ரில் ஊரானது எப்படி?

நெக்ரில் தீவின் மேற்கு நுனியில், வெஸ்ட்மோர்லண்ட், ஹனோவர் என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது. 1950களின் இறுதியில் ஒழுங்கான சாலை வரும்வரை அது மீனவர் குடிசைகளும் பெரிய சதுப்பு நிலமும்தான். 1960களின் கடைசியில் முதுகுப்பையோடு ஹிப்பிகள் வந்தார்கள். அவர்களுக்கு ஹோட்டல் இல்லை. மீனவர் வீட்டில் ஓர் அறை, அந்த வீட்டு அம்மா சமைத்த மீன், பக்கத்து வீட்டுப் பையனின் படகு. பயணி செலவழித்த காசு நேராக ஊர்க்காரர் கைக்குப் போனது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ஜமைக்காவின் தெரு வியாபாரியைச் சுற்றுலா உருவாக்கவில்லை. அங்கே சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்களை ‘ஹிக்ளர்’ என்பார்கள். அடிமைக் காலத்தில், தங்களுக்கு விடப்பட்ட துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கையும் காயையும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றவர்களின் தொடர்ச்சி அது. கடற்கரையில் கூடையோடு நடக்கும் பெண் செய்வது நேற்று முளைத்த தொழில் அல்ல. ஆள் கூடும் இடத்துக்குச் சரக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போவது. ஆள் கூடும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

1970களின் நடுவில் ‘நெக்ரில் பீச் வில்லேஜ்’ என்ற பெரிய விடுதி வந்தது. பிற்பாடு பெயர் மாறி ‘ஹெடோனிசம் 2’ ஆனதும் அதுவே. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. தென்னை உயரத்துக்கு மேல் கட்டடம் கூடாது என்பது நெக்ரிலில் எல்லாரும் சொல்லும் விதி. அதே காலத்தில்தான் மஞ்சளடித்துச் சாகும் நோய் வந்து ஜமைக்காவின் நெட்டைத் தென்னைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன என்பது வேறு கதை.

விலை போட்ட வேலி

‘ஆல்-இன்க்ளூசிவ்’ என்றால் எல்லாம் அடக்கம். அறை, மூன்று வேளை உணவு, மது, நீர் விளையாட்டு, விமான நிலையத்திலிருந்து பஸ் என்று அனைத்துக்கும் ஊரிலிருந்தே ஒரே தொகையாகக் கட்டிவிட்டு வருவது. இந்த முறை கரீபியனில் வேர்விட்டதில் ஜமைக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1978ல் ஓச்சோ ரியோஸ் அருகே ‘கப்பிள்ஸ்’, 1981ல் மான்டேகோ பேயில் ‘சாண்டல்ஸ்’. காலத்தைக் கவனியுங்கள். 1970களில் ஜமைக்காவில் அரசியல் வன்முறை தலைவிரித்தாடியது; 1976ல் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுக்காரர் வரப் பயந்தார். ‘வாசலைத் தாண்டாமலே விடுமுறையைக் கழித்துவிடலாம்’ என்பதுதான் அந்தப் பயத்துக்கு ஹோட்டல்கள் கண்டுபிடித்த மருந்து. அதாவது மதிற்சுவரும் விற்பனைப் பொருளின் ஒரு பாகம்.

இதன் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர் எழுந்துபோய் எதிர் ஹோட்டலில் தோசை வாங்கிச் சாப்பிடுவாரா? ரிசார்ட் விருந்தாளியின் நிலை அதுதான். வெளியே ஒரு வியாபாரி இளநீரை 3 டாலருக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நியாயமான விலையாகவே இருக்கலாம். ஆனால் அந்த 3 டாலர் போட்டியிடுவது ரிசார்ட் பாரில் கிடைக்கும் பானத்தின் உண்மையான விலையோடு அல்ல. ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் அந்தப் பானத்துக்கு இப்போது கொடுக்க வேண்டிய பூஜ்யத்தோடு. பூஜ்யத்தோடு விலையில் மோதி யாரும் ஜெயித்ததில்லை.

இதன் விளைவுகள் வரிசையாக வரும்.

1. முதலில் விழுவது சாப்பாடு. வறுத்த மீன், பிமெண்டோ விறகில் வாட்டிய ஜெர்க் கோழி, மரவள்ளிக் கிழங்கில் செய்த பாமி. ரிசார்ட் விருந்தாளிக்கு இவை இனி பசிக்கு அல்ல, ஆசைக்கு மட்டும்.

2. அடுத்து படகு. பவளப்பாறை பார்க்க, சூரியன் மறைவதைப் பார்க்க என்று மீனவர்கள் படகு விட்டார்கள். அந்தப் பயணங்கள் ஹோட்டல் மேசையிலேயே பதிவாகத் தொடங்கியதும், உரிமமும் காப்பீடும் உள்ள கம்பெனிக்கு வேலை போகிறது. தனிப் படகுக்காரர் அந்தக் கம்பெனியில் கூலிக்கு ஓட்டலாம்.

3. மிஞ்சுவது, ரிசார்ட் தராதவை. மரச் சிற்பம், மணிமாலை, தலைப்பின்னல், கற்றாழைத் தேய்ப்பு. அப்புறம் கஞ்சாவும். 2015க்குப் பிறகு ஜமைக்காவில் சிறிதளவு வைத்திருப்பது குற்ற வழக்கு ஆகாது. ஆனால் உரிமமின்றி விற்பது இன்றும் குற்றம்தான்.

நெக்ரிலிலேயே இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘செவன் மைல் பீச்’ என்று புகழ்பெற்ற கரையில் (அளந்தால் 7 மைல் வராது) லாங் பே, பிளடி பே என்று இரண்டு வளைகுடாக்கள். லாங் பேயில் சிறிய விருந்தினர் இல்லங்களும் மணல்மேல் போட்ட உணவுக்கடைகளும் பெரிய ஹோட்டல்களோடு கலந்து கிடக்கின்றன. சிறிய இல்லத்தில் தங்குபவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போயே ஆக வேண்டும். பிளடி பே பெரும்பாலும் எல்லாம்-அடக்க ரிசார்ட்டுகளின் வசம். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பயணியின் பை திறக்கும் விதம்தான் வேறு.

கயிறும் கணுக்கால் நீரும்

ரிசார்ட் முன்னால் மணலில் சில முளைகள், அவற்றை இணைத்து ஒரு கயிறு. அந்தப் பக்கம் சாய்வு நாற்காலிகள். நிழலில் சீருடைக் காவலர். இந்தப் பக்கம் வியாபாரி, இடது கையில் தோள்வரை மணிமாலைகள், வலது கையில் லிக்னம் வைட்டே மரத்தில் செதுக்கிய மீன். நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் அது. உண்மையான மரம்தான் என்று காட்டச் செதுக்கியவர் கையில் கொடுத்தே எடை பார்க்கச் சொல்வார். ஆனால் கையில் கொடுக்கக் கயிறு விடாது. அதனால் அலை நனைக்கும் இடத்தில், கணுக்கால் நீரில் நின்று, கடலில் இறங்க வருகிறவருக்காகக் காத்திருக்கிறார். சட்டப் புத்தகத்தில் படித்த ஈரமணல் நாடா இதுதான். சில ஊர்களில் அதுவும் இல்லாமல், சிறு படகில் சரக்கை ஏற்றிக்கொண்டு குளிப்பவர்களிடம் நீர்வழியே வருகிறார்கள்.

‘தொந்தரவு’ என்ற சுழல்

ஜமைக்காச் சுற்றுலா பற்றிய எந்தப் பேச்சிலும் ‘ஹராஸ்மென்ட்’ என்ற சொல் வந்துவிடும். வியாபாரிகள் பயணிகளை விடாமல் துரத்துகிறார்கள் என்ற புகார். புகார் பொய்யல்ல. ஆனால் அதைக் குணக்கேடாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எண்ணிக்கையாகப் பார்க்க வேண்டும்.

1. ரிசார்ட் வருகிறது, வேலை தேடி வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வேலை கிடைக்காதவர்களில் பலர் கையில் கிடைத்ததை விற்கத் தொடங்குகிறார்கள்.

2. அதே நேரத்தில் மதிலுக்கு வெளியே வரும் பயணிகளின் விகிதம் குறைகிறது.

3. ஒரு பயணிக்கு ஐந்து வியாபாரி என்று ஆகும்போது, முதலில் மறித்தவருக்குத்தான் விற்பனை. மெதுவாகச் சிரித்துவிட்டு விலகுபவர் வெறுங்கையோடு வீடு போவார்.

4. மறிக்கப்பட்ட பயணி புகார் சொல்கிறார். ஹோட்டல், அடுத்து வருபவரிடம் ‘வெளியே போகாமல் இருப்பது நல்லது’ என்கிறது.

5. வெளியே வருபவர் இன்னும் குறைகிறார். திரும்ப இரண்டாவது எண்ணுக்குப் போங்கள்.

அரசின் பதில் இதுவரை பெரும்பாலும் அபராதமும் ரோந்துப் போலீசும். அவை சுழலின் மூன்றாவது படியை மட்டும் தொடுகின்றன. இரண்டாவது படியைத் தொட்டால் ஹோட்டல்களின் வருமானத்தில் கை வைக்க வேண்டும். எந்த அரசுக்கும் அது லேசான காரியமில்லை. 1968ன் ஹோட்டல் ஊக்கச் சட்டம் போன்றவற்றால் வருமானவரியிலும் இறக்குமதி வரியிலும் சலுகை கொடுத்து அரசே அழைத்து வந்த ஹோட்டல்கள் அவை.

கைவினைச் சந்தை: இடம் உண்டு, ஆள் இல்லை

வியாபாரிகளுக்கு மாற்றாகக் கிடைத்தது கைவினைச் சந்தை. நெக்ரிலில் ரட்லண்ட் பாயிண்ட், மான்டேகோ பேயில் ஹார்பர் ஸ்ட்ரீட், ஓச்சோ ரியோஸில் ஊர் நடுவே ஒன்று. உரிமம், எண் போட்ட கடை, தலைக்கு மேல் கூரை. வெயிலில் அலைந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை. 2022ல் நடைமுறைக்கு வந்த சுற்றுலாத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் கைவினை வியாபாரிகளும் சேரலாம். இதுவும் உண்மையான முன்னேற்றம்.

ஆனால் நடந்து விற்பவரின் மூலதனமே நடை. பயணி இருக்கும் இடத்துக்கு அவர் போனார். இப்போது பயணி அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். வருவது சுற்றுலா பஸ் நின்றால்தான். நிற்குமா என்பது ஓட்டுநர் கையிலும் டூர் கம்பெனி கையிலும் இருக்கிறது. உள்ளே போனால் நாற்பது கடையிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு, அதில் நிறைய இறக்குமதி. ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கிய மீனும் கண்டெய்னரில் வந்த மீனும் அடுத்தடுத்த பலகையில் இருந்தால் விலையைத் தீர்மானிப்பது கண்டெய்னர் மீன்.

மதிலுக்கு உள்ளே போகும் ஊர்

ரிசார்ட்டால் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. மாதச் சம்பளம், சீருடை, சில இடங்களில் படிப்புக்கு உதவி என்று பல குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. வியாபாரியின் மகளே உள்ளே அறை சுத்தம் செய்பவராக இருப்பார். சம்பளமும் ஒப்பந்த முறையும் சரியில்லை என்று 2024 இறுதியில் பல ஹோட்டல்களில் ஊழியர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ‘கசிவு’ என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். பயணி செலவழிக்கும் பணத்தில் ஊரில் தங்காமல் வெளிநாட்டுக்குத் திரும்பும் பங்கு அது: விமானக் கட்டணம், முகவர் கமிஷன், இறக்குமதி இறைச்சி, தலைமை நிறுவனத்தின் லாபம். கரீபியனில் ஒரு டாலரில் 80 சென்ட் கசிகிறது என்று பல கட்டுரைகளில் வரும். எல்லாத் தீவுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. பார்க்க வேண்டியது வழியை. மணலில் கொடுத்த டாலர் அன்று மாலையே ஊர்க் கடையில் அரிசியாகிறது. வேறு நாட்டில் முன்பதிவுத் தளத்தில் கட்டிய டாலர் ஊருக்குள் வருவது சம்பளமாகவும் வரியாகவும் உள்ளூர்க் கொள்முதலாகவும்தான். அதனால்தான் ஹோட்டல்களை உள்ளூர் விவசாயிகளிடம் வாங்கவைக்க ஜமைக்கா அரசு தனியாக ஓர் இணைப்பு அமைப்பே நடத்துகிறது.

மணலே குறைந்தால்?

நெக்ரில் கரை பல பத்தாண்டுகளாக அரிக்கப்பட்டு வருகிறது. அந்த வெள்ளை மணலில் பெரும்பகுதி மலையிலிருந்து வந்ததல்ல. கடற்புல் படுகையிலும் பவளப்பாறையிலும் வாழும் சுண்ணாம்புப் பாசி போன்ற உயிர்களின் உடைந்த துகள். கழிவுநீரும், குளிக்க வசதியாகக் கடற்புல்லை அகற்றுவதும், சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்ததும் அந்த மணல் தொழிற்சாலையைப் பலவீனமாக்கின. சர்வதேச நிதியில் அலைத்தடுப்பு கட்டும் திட்டம் ஒன்று வந்தபோது, பாறைக் குவியல் காட்சியைக் கெடுக்கும், கட்டுமானம் நடக்கும் காலத்தில் வியாபாரம் போகும் என்று நெக்ரில் ஹோட்டல்காரர்களே எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

வியாபாரிக்கு இதில் என்ன? கடல் உள்ளே வரும், மதில் பின்வாங்காது. இரண்டுக்கும் நடுவேதான் அவர் நடக்கிறார்.

பக்கத்துத் தீவுகளில்

பார்படோஸில் கடற்கரை எல்லாமே பொது. கரை வியாபாரிகளுக்கு அரசு உரிமம் தருகிறது. அங்கும் மேற்குக் கரையில் வீடும் ஹோட்டலும் நெருங்கி எழும்பியதில் சாலையிலிருந்து கடல் தெரிவதே அபூர்வமாகிவிட்டது என்ற முணுமுணுப்பு உண்டு. டொமினிகன் குடியரசில் 1968ன் சட்டப்படி உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் பொதுச்சொத்து. ஆனால் புன்டா கானாவில் பயணி இறங்கும் விமான நிலையமே தனியாருடையது. அங்கிருந்து ரிசார்ட் பஸ், பஸ்ஸிலிருந்து ரிசார்ட் வாசல். 60 மீட்டர் திறந்து கிடந்தும் விலை வேலி அப்படியே நிற்கிறது.

20 ஆண்டு வழக்கம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன வழக்குகளுக்கு வரலாம். 1956ன் சட்டம் கைவிட்டதால், போராடுபவர்கள் அதற்கும் பழைய ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தார்கள்: 1882ன் அனுபவ உரிமைச் சட்டம். மீன்பிடிக்கவோ குளிக்கவோ பொழுதுபோக்கவோ ஒரு கரையையும், அதற்குப் போகும் பாதையையும் பொதுமக்கள் தடையில்லாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தால், அந்த உரிமை நிலைத்துவிடும் என்பது அதன் சாரம். பாதை என்ற சொல் அதில் இருப்பதுதான் முக்கியம். கரைக்குப் போகும் அந்தச் சந்துப் பாதையையும் சேர்த்து மீட்கலாம் என்று பொருள். ‘ஜமைக்கா பீச் பர்த்ரைட் என்விரான்மென்டல் மூவ்மென்ட்’ என்ற அமைப்பு மாமீ பே, லிட்டில் டன்ஸ் ரிவர், பாப் மார்லி பீச் போன்ற இடங்களுக்காக இந்த வழியில்தான் வாதாடுகிறது.

இதில் வியாபாரிக்கு ஒரு விசித்திரமான இடம். 20 ஆண்டு பொதுமக்கள் வந்துபோனார்கள் என்று சொல்லத் தினமும் அங்கேயே நின்றிருந்த ஒருவரைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். ஆனால் சட்டம் எண்ணிச் சொல்வது மீன்பிடி, குளியல், பொழுதுபோக்கு. விற்பனை அந்தப் பட்டியலில் இல்லை. வழக்கு ஜெயித்து கேட் திறந்தால், அவர் கடலில் இறங்கிக் குளிக்கலாம். மணிமாலையைக் கையில் எடுத்தால் மறுபடியும் உரிமத்துக்கு மனுப் போட வேண்டும்.